கடன் அறிக்கையும் நம் அன்றாட வாழ்வும்

(தோட்டங்களிலிருந்து குடிபெயர்ந்து செராஸ் வட்டாரத்தில் வாழும் குடும்பங்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபெற்ற கூட்டத்தில், வங்கியொன்றின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பகலுணவுக்கு முன்னர் பேச்சை முடித்துவிட வேண்டுமென்று தலைவர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். கடனைப் பற்றிப் பேசுகிறவன் காலக்கெடுவை மீறினால் அழகாயிராது. ஆகவே நேராகப் பொருளுக்கு வந்துவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் என் வீட்டிற்கு வந்தார். சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது செராஸில் ஒரு நிறுவனத்தில் லாரி ஓட்டுகிறார். அவருடைய தாயார் பால்மரக் காட்டிலும் பின்னர் செம்பனைக் காட்டிலுமாக வாழ்நாளையெல்லாம் கழித்தவர். தோட்ட நிலம் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டது. குறிப்பிட்ட தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமென்று கடிதம் வந்துவிட்டது. மகன் செராஸ் பக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டைப் பார்த்து, 1,000 வெள்ளி முன்பணமும் கட்டினார். கடனுக்கு ஒரு வங்கியில் விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். பதற்றத்தில் ஒரே மாதத்தில் மேலும் நான்கு வங்கிகளை நாடினார். நான்கும் கைவிரித்தன. "ஐயா, என் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டார்கள். நான் யாருக்கும் துரோகம் செய்யவில்லையே" என்று கூறி அவர் கண்கலங்கினார்.

கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. ஆனால் அவருடைய பெயர் ஓர் ஏட்டில் இருந்தது உண்மை. உங்களில் கடன் வாங்கிய ஒவ்வொருவரின் பெயரும் அந்த ஏட்டில் இருக்கிறது; என் பெயரும் இருக்கிறது. அந்த ஏட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அன்பர்களே, கடன் ஏடு நமக்குப் புதியதன்று. தோட்டத்துக் கடையில் அரிசி, பருப்பு, கருவாடு வாங்கிய கணக்கு நம் தாய்மார்களுக்கு நினைவிருக்கும். கடைக்காரரிடம் ஒரு நீண்ட புத்தகம், நம்மிடம் ஒரு சிறு புத்தகம். சம்பள நாளன்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பார்க்கத் தெரியாதவர்கள் கடைக்காரர் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருவார்கள். எந்த வீட்டுக்குக் கொடுக்கலாம், எந்த வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அந்தக் கடைக்காரரின் மனத்தில் இருந்தது. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் பேரேட்டையும் தம் நினைவையும் நம்பியே கடன் கொடுத்தார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதைவிடக் கடுமையான ஒரு முறை இருந்தது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். கங்காணியும் அவரது ஆட்களும் பட்ட கடன் இன்ன தொகை என்றும், அதனைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்பதாகவும் துரை எழுதிக் கொடுத்த சீட்டுதான் துண்டு. அந்தச் சீட்டைக் காட்டித்தான் வேறு தோட்டத்திற்குப் போக முடியும்; புதிய தோட்டம் பழைய கடனைச் செலுத்தும்; கடன் மட்டும் தொழிலாளியின் தலையைவிட்டு இறங்காது. 1921-இல் சட்டத்தின் வாயிலாக இம்முறை ஒழிக்கப்பட்டது. மலாயாவிலும் கப்பற் கூலியே கடனாக ஏறிய காலம் உண்டு. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்ட பிறகே, அந்தச் செலவு தொழிலாளியின் கணக்கில் ஏறாமல் வர வழி பிறந்தது.

இவற்றை ஏன் சொல்கிறேன் என்றால், கடனை எழுதிவைத்த தாள் ஒரு மனிதனின் போக்கையும் வரவையும் தீர்மானிப்பது நம் முன்னோர் அனுபவித்த ஒன்று. வேறுபாடு யாதெனில், துண்டில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. நமக்கு இருக்கிறது. இருந்தும் நம்மில் பலர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இனி, இந்நாட்டில் அந்த ஏடு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நமது மத்திய வங்கியாகிய பேங்க் நெகாராவில் கடன் தகவல் பிரிவு ஒன்று 1982 முதல் இயங்கி வருகிறது. 2001-ஆம் ஆண்டில் அது கணினிமயமாக்கப்பட்டது. அதற்குச் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்று பெயர், மக்கள் வாயில் 'சிக்ரிஸ்'. வங்கிகளும் பங்கேற்கும் பிற கடன் நிறுவனங்களும் தங்களிடம் கடன் பெற்றவர்களின் விவரங்களை மாதந்தோறும் இதற்கு அனுப்புகின்றன. வீட்டுக் கடன், கார் தவணை, கடன் அட்டை, தனிநபர் கடன், உயர்கல்விக்காகப் பெற்ற பி.டி.பி.டி.என். கடன் ஆகியவை எல்லாம் இதில் ஏறுகின்றன.

நீங்கள் ஒரு வங்கியில் கடன் கேட்டால் அவர்கள் முதலில் திறந்து பார்ப்பது இந்த அறிக்கையைத்தான். இதில் மூன்று பகுதிகள் உள்ளன. நீங்கள் இன்னும் கட்ட வேண்டிய கடன்கள் ஒரு பகுதி. வங்கி தனிக் கவனத்தில் வைத்துள்ள கணக்குகள் இருந்தால் அவை ஒரு பகுதி. கடந்த 12 மாதங்களில் ஏற்கப்பட்ட விண்ணப்பங்களும், இன்னும் முடிவு தெரியாத விண்ணப்பங்களும் மற்றொரு பகுதி. "இவர் நல்லவர்", "இவருக்குக் கொடுக்காதீர்" என்று எங்கும் எழுதியிராது. பேங்க் நெகாரா அப்படிக் கருத்துச் சொல்வதும் இல்லை. கொடுப்பதா மறுப்பதா என்பதை அந்தந்த வங்கி தன் விதிகளின்படி முடிவு செய்கிறது. அதனால்தான் ஒரு வங்கி மறுத்ததை மற்றொரு வங்கி ஏற்றுக்கொள்வதும் உண்டு.

ஆயினும் ஒவ்வொரு கடனுக்கும் எதிரே 12 சிறிய கட்டங்கள் இருக்கும். மாதத்திற்கு ஒரு கட்டம். அந்தக் கட்டங்களில் ஓர் எண் எழுதியிருக்கும். இதனைச் சற்றுப் பொறுமையாகக் கவனியுங்கள். என் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அந்த எண் நீங்கள் அந்த மாதம் கட்டினீர்களா என்பதைச் சொல்லவில்லை. அந்த மாத முடிவில் எத்தனை தவணைகள் பாக்கி நிற்கின்றன என்பதைச் சொல்கிறது. பாக்கி ஒன்றுமில்லை என்றால் 0. ஒரு தவணை நின்றால் 1. இரண்டு நின்றால் 2.

நான் சொன்ன இளைஞரின் அறிக்கையை அவருடைய கைப்பேசியிலேயே திறந்து பார்த்தோம். கார் கடனுக்கு எதிரே 12 கட்டங்களிலும் 2, 2, 2 என்று வரிசையாக நின்றது. அவர் திகைத்துப்போனார். "ஐயா, இரண்டு ஆண்டுகளாக நான் ஒரு மாதம்கூடத் தவறவில்லையே! ரசீது வைத்திருக்கிறேன்" என்றார். ரசீதுகளைக் கொண்டுவரச் செய்து பார்த்தேன். அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் அதற்கும் முன்னர், தந்தையார் காலமான மாதத்தில் ஒரு தவணை கட்டவில்லை. அடுத்த ஆண்டு தங்கையின் திருமணத்தின்போது இன்னொன்று கட்டவில்லை. அதன்பின் மாதந்தோறும் 520 வெள்ளி ஒழுங்காகக் கட்டினார். ஒவ்வொரு முறையும் அந்தப் பணம் பழைய பாக்கிக்கே போயிற்று. புதிய தவணை பாக்கியாக நின்றது. ஓடுகிற பேருந்தின் பின்னால் அதே வேகத்தில் ஓடுகிறவனைப் போல, எவ்வளவு ஓடினாலும் அந்த இரண்டு தவணை இடைவெளி குறையவே இல்லை. 1,040 வெள்ளியும் தாமதக் கட்டணமும் சேர்த்து ஒருநாள் கட்டியிருந்தால் முடிந்திருக்கும் செய்தி, தாயாரின் வீட்டை மறித்துக்கொண்டு நின்றது.

வங்கி அவருக்குக் கடிதம் எழுதாமலா இருந்தது? எழுதியது. அவை அனைத்தும் பழைய தோட்டத்து முகவரிக்குப் போயின. அலுவலகத்துப் பெட்டியில் அவை கட்டாகக் கிடந்ததைப் பின்னர் கிராணியார் எடுத்துக் கொடுத்தார். தோட்டத்தைவிட்டு நகருக்கு வந்தவர்களே, அடையாள அட்டையில் முகவரி மாற்றினால் வங்கியிலும் மாற்றுங்கள். இரண்டும் தனித்தனி வேலைகள்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. அறிக்கை காட்டுவது கடந்த 12 மாதங்களை மட்டுமே. பாக்கியை அடைத்துவிட்டால் அடுத்த மாதக் கட்டத்தில் 0 விழும். பழைய எண்கள் மாதத்திற்கு ஒன்றாக நகர்ந்து மறையும். ஓராண்டு ஒழுங்காக நடந்தால் அந்தக் கடனுக்குரிய வரிசை முழுவதும் தூய்மையாகிவிடும். கடன் பெயரைக் காலத்துக்கும் கெடுத்துவிடும் என்று அஞ்சிக் கொண்டு அறிக்கையைத் திறந்தே பார்க்காதவர்கள் இதனை அறிய வேண்டும். 2020-இல் கொரோனா காலத்தில் அரசாங்கமும் பேங்க் நெகாராவும் ஆறு மாதம் தவணைகளை ஒத்திவைத்தன அல்லவா? அவ்வாறு ஒத்திவைத்தவை பாக்கியாகப் பதிவாகவில்லை. முன்கூட்டியே பேசி ஒத்திவைப்பதற்கும், பேசாமல் நிறுத்திவிடுவதற்கும் ஏட்டில் இவ்வளவு வேறுபாடு உண்டு.

அறிக்கையைப் பார்ப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பேங்க் நெகாராவின் 'இ-சிக்ரிஸ்' இணையப் பக்கத்தில் பதிவு செய்துகொண்டு வீட்டிலிருந்தே பார்க்கலாம். தவறு இருக்கிறதா? எந்த வங்கி அந்த விவரத்தை அனுப்பியதோ அந்த வங்கியிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். பேங்க் நெகாரா தானாக எண்ணை மாற்றாது. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள் என்று நம் பாட்டிமார் சொன்னதற்குப் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

இதுவரை சொன்னது அரசு தரப்பு ஏடு. தனியார் ஏடுகளும் உண்டு. அமெரிக்காவில் 1841-இல் லூயிஸ் டாப்பன் என்ற வணிகர், வாணிகர்களின் நாணயத்தை விசாரித்து எழுதிவைத்து, கட்டணம் செலுத்துவோருக்குச் சொல்லும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவரே முன்பு கடனுக்குப் பட்டு விற்று நொடித்துப்போனவர்களில் ஒருவர். பட்டபின் புத்தி வந்தது என்பார்களே, அதுதான். அந்நாட்டில் மக்கள் தங்கள் அறிக்கையைப் பார்த்துத் திருத்தக் கோரும் உரிமைக்குச் சட்டம் வந்தது 1970-இல்தான். இந்தியாவில் சிபில் நிறுவனம் 2000-இலும், அதற்குரிய சட்டம் 2005-இலும் வந்தன.

நம் நாட்டில் 'சிடோஸ்' நிறுவனம் 1990-இல் தொடங்கப்பட்டது. எக்ஸ்பீரியன், கிரெடிட் பியூரோ மலேசியா முதலிய பிற நிறுவனங்களும் இருக்கின்றன. இவற்றை நெறிப்படுத்தும் கடன் அறிக்கை நிறுவனங்கள் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2014-இல் நடைமுறைக்கு வந்தது. இவை சிக்ரிஸ் விவரங்களோடு நீதிமன்ற வழக்குகள், திவால் அறிவிப்புகள், நிறுவனங்களில் நீங்கள் இயக்குநராக இருக்கிறீர்களா என்பன போன்றவற்றையும் திரட்டுகின்றன. கடைக்காரர்களும் சேவை நிறுவனங்களும் தங்களுக்கு வரவேண்டிய பாக்கியை இவற்றில் பதிவு செய்வதுண்டு. கட்டாமல் விட்டெறிந்த கைத்தொலைபேசிக் கணக்கு எங்கோ மறைந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். சிடோஸ் இவற்றையெல்லாம் கொண்டு 300 முதல் 850 வரை ஒரு மதிப்பெண்ணும் கொடுக்கிறது. அது ஒரு கணிப்பு மட்டுமே. வங்கிகள் அதனையும் பார்க்கின்றன, தங்கள் சொந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கின்றன.

இவ்விடத்தில் நம்மவர்களுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை. நம்மிடையே ஒரே பெயர் பலருக்கு உண்டு. இராமசாமியின் மகன் முனியாண்டி என்று ஒரு தோட்டத்திலேயே இருவர் இருப்பார்கள். நாடெங்கும் எத்தனை பேர் இருப்பார்கள்! பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பள்ளிச் சான்றிதழில் வேறோர் எழுத்து. கிராணியார் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அல்லவா அவை! பழைய வழக்குப் பதிவில் அடையாள அட்டை எண் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால், ஒருவர் கடன் மற்றொருவர் தலையில் ஏறிவிட இடமுண்டு. ஆகவே உங்கள் அறிக்கையைத் திறந்ததும் பெயரைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், 12 இலக்க அடையாள அட்டை எண்ணைச் சரிபாருங்கள். உங்களுடையதல்லாத வழக்கோ கடனோ இருந்தால் திருத்தக் கோருவதற்கு அந்த 2010-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது.

"கடன் வாங்கினால்தானே இந்தத் தொல்லை? எனக்கு எதற்கு அறிக்கை?" என்று அதோ பின்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. ஐயா, நீங்கள் வாங்காமல் இருக்கலாம். உங்கள் பேரன் வாங்காமல் இருக்க முடியாது. அவன் மாதச் சம்பளத்தில் வீட்டை ரொக்கமாக வாங்க இயலாது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 200,000 வெள்ளிக்கு 35 ஆண்டுத் தவணையில் வீட்டுக் கடன். ஒருவருக்கு நூற்றுக்கு 4 வட்டி. மற்றவருக்கு, வங்கி சற்று ஐயப்பட்டதால், நாலரை. முதலாமவர் மாதம் ஏறத்தாழ 886 வெள்ளி கட்டுவார்; இரண்டாமவர் 947 வெள்ளி கட்டுவார். மாதம் 61 வெள்ளிதானே என்று தோன்றும். 35 ஆண்டுகளில் அது 25,000 வெள்ளியைத் தாண்டிவிடும். அதே வீடு, அதே கூரை. ஐயத்திற்கு மட்டும் அவ்வளவு விலை.

கடன் அட்டையிலும் இப்படியே. தொடர்ந்து 12 மாதம் நேரத்தோடு கட்டியவருக்கு ஆண்டு வட்டி உச்ச அளவு நூற்றுக்கு 15. அடிக்கடி தவறியவருக்கு 18. வேலைவாய்ப்பிலும் இது நுழைந்துவிட்டது. பணம் புழங்கும் பணிகளுக்கு ஆள் எடுக்கும் சில முதலாளிகள், விண்ணப்பதாரரின் ஒப்புதல் பெற்று அறிக்கையைப் பார்க்கிறார்கள். ஆகவே விண்ணப்பத் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்திடுகிறோம் என்பதை இளைஞர்கள் நினைவில் வையுங்கள்.

இளைஞர்களே, உங்களிடம் பி.டி.பி.டி.என். பற்றியும் ஒரு வார்த்தை. 1997-இல் தோன்றிய அந்தக் கழகத்தின் கடனால் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பட்டம் பெற்றிருக்கிறார்கள். கதவைத் தட்டி யாரும் கேட்காத கடன் என்பதால் அதனைக் கடைசியில் வைத்துவிடுகிறோம். ஏட்டிலோ அது மற்றக் கடன்களுடன் ஒரே வரிசையில் நிற்கிறது. சம்பளம் போதவில்லை என்றால் தவணைத் தொகையைக் குறைத்துக் கேட்கலாம். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பிணைக் கையெழுத்தைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு அனுபவம் உண்டு. கடன் பிரிவில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த நானே, ஒரு நண்பருக்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டேன். நண்பர் ஊரைவிட்டே போய்விட்டார். அவர் ஓட்டிய காருக்கு நான் இரண்டரை ஆண்டு தவணை கட்டினேன். என் மனைவி அந்த நாட்களில் கேட்ட கேள்விகளை இங்கே சொல்ல முடியாது. 2017-இல் திவால் சட்டம் திருத்தப்பட்டபோது, லாபம் எதுவுமின்றி ஒருவரின் கல்விக்கோ, சொந்த வாகனத்திற்கோ, குடியிருக்கும் வீட்டிற்கோ பிணை நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று ஏற்பாடு வந்தது. பின்னர் திவால் வழக்குக்குரிய கடன் வரம்பும் 100,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் திவாலாக்க முடியாது என்பதற்குக் கடனைக் கேட்க முடியாது என்று பொருளில்லை. வங்கி உங்களிடம் பணம் கேட்கும், வழக்கும் தொடுக்கும்.

தாய்மார்களிடம் ஒன்று. கணவருடைய பெயரில் கடன் கிடைக்காதபோது மனைவி பெயரில் எடுப்பது நம் குடும்பங்களில் மெல்லப் பெருகி வருகிறது. தளவாடம், குளிர்பதனப் பெட்டி, மோட்டார் சைக்கிள், சில வேளை கடன் அட்டையும்கூட. ஓட்டுகிறவர் அவர், ஏட்டில் இருப்பது நீங்கள். தவணை தவறினால் எண் விழுவது உங்கள் கட்டத்தில். சண்டை போடச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை ரசீதைக் கேட்டு வாங்கி வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மற்றொரு வேடிக்கை. நம் தாய்மார்கள் பலர் 'கூட்டு' பிடிப்பதில் மிகுந்த நாணயம் உடையவர்கள். மாதம் 200 வெள்ளி என்றால், நகையை அடகு வைத்தாவது அந்த நாளில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். இந்த நாணயம் எந்த அறிக்கையிலும் ஏறாது. ஏறாதது மட்டுமன்று, கூட்டு நடத்துவது இந்நாட்டில் சட்டப்படி குற்றம். 1971-ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல்லாகிய 'கூட்டு' இருக்கிறது என்பதை எண்ணினால் பெருமைப்படுவதா வருந்துவதா என்று தெரியவில்லை. பத்து ஆண்டு கூட்டில் ஒருமுறையும் தவறாத ஒரு பெண்மணி வங்கிக்குப் போனால், அவருடைய அறிக்கை வெற்றுத் தாளாக இருக்கும். வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு அதிகாரி என்ன முடிவு செய்வார்? சம்பளச் சீட்டோ, வங்கிப் புத்தகமோ, சேமநிதிக் கணக்கோ ஏதேனும் எழுத்துச் சான்று வேண்டும். சந்தையில் கடை போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். புதன்கிழமை தாமான் கொன்னாட் இரவுச் சந்தையில் நல்ல வரவு பார்க்கிறவர்கள், கைக்கு வந்த காசைக் கையோடு செலவு செய்துவிடாமல், வங்கிக் கணக்கின் வழியாகப் போகவிடுவது நல்லது.

இனி, எனக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்கும் ஒன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த மண்டபத்திற்கு வரும் வழியில் விளக்குக் கம்பங்களைப் பார்த்திருப்பீர்கள். "சிடோஸ், சிக்ரிஸ் இருந்தாலும் கடன் உண்டு", "பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று தொலைபேசி எண்களுடன் ஒட்டியிருக்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு சிக்ரிஸில் எண்ணை அழித்துத் தரக்கூடியவர் இந்நாட்டில் எவரும் இல்லை. உண்மையான பாக்கியைக் கட்டினால் தானாக மறையும். தவறான பதிவை நீங்களே இலவசமாகத் திருத்தலாம். இரண்டுக்கும் இடைத்தரகர் எதற்கு?

அந்தச் சுவரொட்டிகளில் பெரும்பாலானவை ஆ லோங் கூட்டத்தினருடையவை. 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டப்படி உரிமம் பெற்றவர், ஈடு இருந்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு 12-க்கு மேலும், ஈடு இல்லாவிடில் 18-க்கு மேலும் வட்டி கேட்கலாகாது. மாதத்திற்கு 10, வாரத்திற்கு 10 என்று கேட்கிறவர் யாராயினும் சட்டத்திற்கு வெளியே நிற்கிறவர். அவர்கள் அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பிறகு உங்கள் கணக்கின் வழியாக யாருடைய பணமெல்லாமோ ஓடும். காவல் துறையினர் உங்களைத் தேடி வருவார்கள். அட்டையை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் கடனில் கழுத்துவரை மூழ்கியவர் எங்கே போவது? பேங்க் நெகாரா 2006-இல் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தை ஏற்படுத்தியது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. உங்கள் வரவு செலவைக் கேட்டு, வங்கிகளுடன் பேசி, எல்லாக் கடன்களையும் சேர்த்து உங்களால் கட்டக்கூடிய ஒரு தவணையாக அமைக்க முயல்வார்கள். ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கும்வரை புதிய கடன் பெறுவது கடினம். எனினும் ஆ லோங் கதவைத் தட்டுவதை ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். உரிமம் பெறாமல் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று பொருள் தருகிற புதிய வகைக் கடன்களையும் கட்டுக்குள் கொண்டுவர, பயனீட்டாளர் கடன் மசோதா 2025-இல் நாடாளுமன்ற மக்களவையில் நிறைவேறியது. நான்கு தவணைக் காலணியும் கடன்தான் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது.

அந்த இளைஞரின் கதையை நடுவில் விட்டுவிட்டேன். அடுத்த சம்பளத்தில் 1,040 வெள்ளியையும் தாமதக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டினார். மறு மாதக் கட்டத்தில் 0 விழுந்ததைக் கைப்பேசியில் காட்ட ஓடிவந்தார். ஆனால் மற்றப் பதினொரு கட்டங்களிலும் 2 நின்றது. அவர் பார்த்து வைத்த வீடு வேறொருவருக்குப் போயிற்று, முன்பணமும் திரும்பவில்லை. தோட்டத்து வீட்டைக் காலி செய்யும் நாள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. தாயார் இப்போது செராஸில் மகனோடு ஒரு வாடகை அறையில் இருக்கிறார். லயத்து வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்தவர், நான்காவது மாடி நடையில் இரண்டு தொட்டிகளில் அவற்றை வைத்திருக்கிறார். சென்ற வாரம் இளைஞரைக் கண்டேன். ஒன்பது கட்டங்கள் 0 ஆகியிருக்கின்றன. இன்னும் மூன்று இருக்கின்றன. அதன்பின் ஒரே ஒரு வங்கியில், வேண்டிய தாள்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். மண்டபத்தின் வலப்புறம் மேசையில் இரண்டு பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். அடையாள அட்டையும் கைப்பேசியும் கொண்டுவந்தவர்கள் உணவுக்குப் பிறகு அவர்களிடம் சென்றால், உங்கள் அறிக்கையை நீங்களே திறந்து பார்க்க உதவுவார்கள். கடவுச்சொல்லை அவர்களிடம் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். எண்களைப் படித்துச் சொல்ல நான் அங்கேயே இருப்பேன்.